கோடு போட்ட ஒரு துணி

இந்த எபிசோட் ஜப்பான் மியூசியங்களைப் பத்தி. அனிமே, சுஷி, செர்ரிப் பூ எல்லாம் இதுல வராது, முன்னாடியே சொல்லிடறேன். வரப்போறது ஒரு கோடு போட்ட துணி. அது என்னை டோக்கியோவுல இருந்து திரும்பவும் பவானிக்குக் கூட்டிட்டு வந்துச்சு. அதனால பவானியிலயே ஆரம்பிக்கறேன்.

எங்க அம்மாயி வீடு பவானிக்குப் பக்கத்துல. பழைய ஓட்டு வீடு. போன வருஷம் அதை இடிச்சிட்டு மாடி வீடு கட்டறதுன்னு மாமா முடிவு பண்ணினாரு. பரண் மேல இருந்ததையெல்லாம் கீழ இறக்கற வேலை எனக்கு. பித்தளை அண்டா, உடைஞ்ச முறம், கயிறு போன கட்டில், அப்புறம் மடிச்சு வெச்ச ரெண்டு ஜமக்காளம். ஒண்ணு சின்னது. இன்னொண்ணு கல்யாண வீட்டுல விரிக்கற மாதிரி நல்ல அகலம். சிவப்பு, பச்சை, மஞ்சள், கருநீலம்னு பட்டை பட்டையா கோடு. ஒரு ஓரத்துல எலி கடிச்சிருந்துச்சு.

"இதை என்ன பண்றது மாமா?"ன்னு கேட்டேன். "பழசுதான? வண்டியில சாமான் ஏத்தறப்ப சுத்திக் கட்டிக்கலாம்"னாரு. சரின்னு நானே கத்திரிக்கோல் எடுத்து பெரிய ஜமக்காளத்தை மூணா வெட்டினேன். ஒண்ணு பீரோவுக்கு, ஒண்ணு ஃப்ரிட்ஜுக்கு, ஒண்ணு கிரைண்டருக்கு. வெட்டினது நான்தான். அதை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அம்மாயி திண்ணையில உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க. ஒண்ணும் சொல்லல.

அடுத்த மாசம் வேலை விஷயமா மூணு வாரம் ஜப்பான் போனேன். அங்க கூட வேலை பாத்த ஒரு சீனியர், அறுபது வயசு இருக்கும், ஒரு சனிக்கிழமை என்னை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் எதிர்பாத்தது சாமுராய் வாள், தங்கப் பூச்சு போட்ட பெரிய திரை. அதெல்லாம் இருந்துச்சு. ஆனா அவர் என்னைக் கொண்டு போய் நிறுத்தினது ஒரு பழைய நோட்டு முன்னாடி.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள விரிச்சு வெச்ச நோட்டு. கணக்கு எழுதின பழைய தாள் மேலயே, தபால்தலை அளவுல துணித் துண்டுகளை வரிசையா ஒட்டியிருந்தாங்க. எல்லாமே கோடு போட்ட பருத்தித் துணி. ஒண்ணுல கோடு நூலிழை மாதிரி மெல்லிசு, ஒண்ணுல கொஞ்சம் பட்டை. ஜப்பான் கிராமங்கள்ல வீட்டுல தறி வெச்சிருந்தவங்க இப்படி ஒரு நோட்டு வெச்சிருப்பாங்களாம். "ஷிமாச்சோ"ன்னு பேரு, கோட்டு நோட்டுன்னு அர்த்தம். புதுசா ஒரு கோட்டைப் பாத்தா ஒரு துண்டு கேட்டு வாங்கி ஒட்டி வெச்சுக்கணும். அதைப் பாத்து அடுத்த பாவு ஓட்டணும். அம்மாகிட்ட இருந்து மகளுக்குப் போற நோட்டு அது.

அந்த சீனியர் மெல்லிசுக் கோட்டைக் காட்டி, "இந்த வகைக் கோட்டுக்கு எங்க ஊர்ல என்ன பேர் தெரியுமா? சான்தோமே. இது உங்க பக்கத்துப் பேர்தான்"னாரு.

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. சாந்தோம். சென்னையில மயிலாப்பூரை ஒட்டி, சர்ச் இருக்கே, அந்த சாந்தோம்.

கதை இதுதான். 16-ஆம் நூற்றாண்டுல போர்த்துக்கீசியர்கள் மயிலாப்பூர்ல குடியேறி, அந்த இடத்தைப் புனித தோமாவோட பேரால கூப்பிட்டாங்க. சோழமண்டலக் கடற்கரையில இருந்து கப்பல் ஏறின கோடு போட்ட பருத்தித் துணி, அந்தப் பேரோடயே ஜப்பான்ல போய் இறங்குச்சு. அதுக்கப்புறம் டச்சுக்காரங்க வந்தாங்க. பழவேற்காடு, நாகப்பட்டினம் எல்லாம் அவங்க கைக்குப் போச்சு. 1641-லிருந்து நாகசாகி துறைமுகத்துல தெஷிமான்னு ஒரு குட்டித் தீவுல மட்டும்தான் அவங்க தங்கி வியாபாரம் பண்ணலாம். அந்தச் சின்ன வாசல் வழியா நம்ம துணி உள்ள போயிட்டே இருந்துச்சு.

அங்க சாதாரண ஜனங்க பட்டு உடுத்தக் கூடாது, பளிச்சுன்னு கலர் போடக் கூடாதுன்னு அரசாங்கம் அடிக்கடி சட்டம் போட்ட காலம் அது. அப்ப அடங்கின கலர்ல மெல்லிசாக் கோடு போட்ட இந்தப் பருத்தித் துணி நகரத்து ஆளுங்களுக்கு பயங்கர ஸ்டைலாப் போச்சு. அப்புறம் அவங்களே அதைப் பாத்து நெய்ய ஆரம்பிச்சாங்க. டோக்கியோ பக்கத்துல கவாகோயேன்னு ஒரு ஊர் இந்த மாதிரி துணிக்கே பேர் வாங்கின ஊர். இன்னொரு விஷயம்: ஜப்பான் மொழியில கோட்டுக்கு "ஷிமா"ன்னு பேரு. "ஷிமா"ன்னா தீவுன்னும் அர்த்தம். தீவுகள் பக்கம் இருந்து, அதாவது கடல் தாண்டி வந்த துணிங்கறதாலதான் கோட்டுக்கே அந்தப் பேர் வந்துச்சுன்னு சொல்றாங்க.

பூப்போட்ட சாயத்துணி தனிக் கதை. அதுக்கு அங்க "சரசா"ன்னு பேரு. ஹிகோனேங்கற ஊரை ஆண்ட ஈ குடும்பம் சேர்த்து வெச்ச இந்தியச் சாயத்துணித் துண்டுகள் 450 இப்ப டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. துண்டுகள்ங்கறதை கவனிங்க. முழுத் துணி வாங்கறது பெரிய பணக்காரங்களுக்கே கஷ்டம். அதனால ஒரு சாண் துணி கெடைச்சாலும் அதுல பை தெச்சு, தேயிலை ஜாடியையோ புகையிலையையோ அதுல போட்டு வெச்சாங்க. 1778-லயே இந்தத் துணிகளோட டிசைனை மட்டும் காட்டற புத்தகம் அங்க அச்சாகி வந்துருச்சு.

நம்ம கரையில அதை நெஞ்ச ஊர் எது, சாயம் போட்டது யாருன்னு நம்மகிட்ட எத்தனை நோட்டு இருக்கு? நான் அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னுட்டு பீரோவுல சுத்திக் கட்டின ஜமக்காளத்தை நெனச்சேன். அதுவும் கோடு போட்ட துணிதான்.

சீனியர்கிட்ட சொன்னேன். கத்திரிக்கோல் விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கல, திட்டல. "அப்படீன்னா நீங்க இன்னொரு இடம் பாக்கணும்"னு அடுத்த வாரம் கோமாபாங்கற பகுதிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க இருக்கு ஜப்பான் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம், "மிங்கேய்கான்".

யானகி சோயெட்சுன்னு ஒருத்தர் 1936-ல தொடங்கினது. கலைன்னா பெரிய ஓவியர் கையெழுத்துப் போட்டதுதானா? விவசாயி சோறு தின்ன கிண்ணம், தீயணைக்கப் போனவன் போட்ட சட்டை, எண்ணெய் ஜாடி, இதுலயெல்லாம் அழகு இல்லையா? இதுதான் அவரோட கேள்வி. தினமும் புழங்கற பொருள், பேர் தெரியாத கை செஞ்சது, நிறைய செஞ்சது, விலை கம்மி. இதுக்கு 1925-ல அவரும் நண்பர்களும் சேந்து "மிங்கேய்"னு ஒரு புது வார்த்தையே உண்டாக்கினாங்க. மக்கள் கலைன்னு வெச்சுக்கலாம். இப்ப அந்த மியூசியத்துல சுமார் 17,000 பொருள்கள் இருக்கு.

அங்க எனக்குப் புடிச்சது என்னன்னா, விளக்கப் பலகையே கெடையாதுங்கற மாதிரிதான். கறுப்புப் பலகையில சிவப்பு மையில ரெண்டு வார்த்தை. என்ன பொருள், எந்த ஊர், எந்தக் காலம், அவ்வளவுதான். மொதல்ல பாரு, அப்புறம் தெரிஞ்சுக்கோங்கறது யானகியோட எண்ணம். மியூசியத்துக்குப் போனா பொருளை ரெண்டு செகண்ட், பலகையை ரெண்டு நிமிஷம் பாக்கற ஆளு நான். அங்க வேற வழியில்லாம ஒரு கிண்ணத்தையே அஞ்சு நிமிஷம் பாத்துட்டு நின்னேன். உதட்டுல படற விளிம்பு எப்படி மழுங்கியிருக்குன்னு தெரிஞ்சுச்சு.

சரி, இதுக்கெல்லாம் காசு யார் குடுத்தா? இங்கதான் நம்ம கோயம்புத்தூர்காரங்க காதைத் தீட்டிக்கணும். குடுத்தது ஒரு மில் ஓனர்.

ஓகாயாமா பக்கத்துல குராஷிகின்னு ஒரு ஊர். பஞ்சாலை ஊர். அங்க குராஷிகி நூற்பாலை 1888-ல தொடங்கினாங்க. நம்ம ஊர்ல ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆரம்பிச்ச கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லுக்கும் சொல்ற வருஷம் அதே 1888. குராஷிகி மில்லை நடத்தின ஓஹாரா மாகோசாபுரோ, மில் லாபத்துல ஒரு ஓவியரை ஐரோப்பாவுக்கு அனுப்பி, மோனே, எல் கிரேகோ ஓவியங்களையெல்லாம் வாங்க வெச்சாரு. அந்த ஓவியர் 1929-ல இறந்துபோனதும், அடுத்த வருஷமே அவர் நினைவா ஓஹாரா கலை அருங்காட்சியகத்தைத் தொறந்தாரு. யானகியோட மிங்கேய்கானுக்கும் பணம் குடுத்தது இதே ஓஹாராதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை ரயில் ஏறி குராஷிகி போனேன். பழைய செங்கல் மில்லை அவங்க இடிக்கல. 1970-கள்ல அதைத் தங்கற இடமா, கடைகளா, மியூசியமா மாத்திட்டாங்க. சுவர் முழுக்கக் கொடி படர்ந்திருக்கு. வெயில் காலத்துல உள்ள சூடு தெரியாம இருக்க மில் ஓடின காலத்துலயே நட்டது அது. பஞ்சு வெச்சிருந்த கிடங்குல மில்லோட வரலாறு. பக்கத்துல பழைய அரிசிக் கிடங்குகள்ல 1948-ல தொறந்த இன்னொரு கைவினை மியூசியம். கூடை, பானை, பாய், நெஞ்ச துணி.

அந்த முற்றத்துல உக்காந்தப்ப எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு. நம்ம ஊர்லயும் சங்கு ஊதினா சைக்கிள் கூட்டம் வெளிய வந்த மில்லுக நிறைய இருந்துச்சு. இப்ப அந்த இடங்கள்ல அபார்ட்மென்ட் பேர்தான் தெரியுது. சில மில் கேட்டுக்குப் பூட்டு. 2020 மார்ச் ஊரடங்குல ஓட்டம் நின்ன என்.டி.சி. மில்களுக்கு முன்னாடி தொழிலாளர்கள் கூடி நின்ன செய்தியை எல்லாரும் படிச்சிருப்போம்.

ஆனா நம்மகிட்ட ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா அது பொய். அவிநாசி ரோட்டுல கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இருக்கு. சிட்ரான்னு சொல்ற ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தோட முதல் இயக்குநர் அவரு. நூல் நம்பர், தறி வேகம்னு வாழ்ந்த ஒரு மனுஷன் ஓவியத்துக்கும் துணிக்கும் சேத்து ஒரு இடம் உண்டாக்கிட்டுப் போயிருக்காரு. அதுக்கு முன்னாடி நான் எத்தனை தடவை பஸ்ல போயிருப்பேன்! உள்ள போனது ஜப்பான்ல இருந்து திரும்பி வந்த அப்புறம்தான்.

குராஷிகியைக் கோயில் மாதிரி கும்பிடவும் வேண்டாம். அந்தக் காலத்து ஜப்பான் மில்லுகள்ல நூல் நூத்தது பெரும்பாலும் கிராமத்துல இருந்து வந்து விடுதியில தங்கின சின்னப் பொண்ணுங்க. அவங்க உடம்பு என்ன ஆச்சுங்கறது பெரிய பிரச்சினை. தொழிலாளர் உடல்நலத்தை ஆராய ஓஹாராவே 1921-ல ஒரு நிறுவனம் தொடங்கினாரு. மில் ஹாஸ்டல், விடியக்காலை ஷிஃப்ட், பஞ்சுத் தூசு இதெல்லாம் கொங்கு நாட்டுல இருக்கற நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. மோனே ஓவியத்துக்கான காசு அந்தப் பொண்ணுங்க வேலையில இருந்தும் வந்ததுதான்.

இதெல்லாம் பழங்காலத்து ரசனைன்னு நெனச்சுடாதீங்க. யூகோ மோரின்னு இப்பத்திய கலைஞர் ஒருத்தங்க இருக்காங்க. டோக்கியோ சுரங்க ரயில் ஸ்டேஷன்கள்ல மேல இருந்து தண்ணி ஒழுகினா, அங்க வேலை பாக்கறவங்க குடை, பிளாஸ்டிக் பாட்டில், ட்யூப், பக்கெட்னு கையில கெடைச்சதை வெச்சு ஒரு ஏற்பாடு பண்ணுவாங்களே, அதைப் போட்டோ எடுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் மியூசியத்துக்குள்ளயே வேணும்னே ஒழுக விட்டு, அதை வீட்டுச் சாமானால சமாளிக்கறதையே கலைப்படைப்பா ஆக்கினாங்க. 2024 வெனிஸ் பினாலேயில ஜப்பான் அரங்கமே அவங்களுது. 2016 கொச்சி பினாலேக்கும் வந்திருந்தாங்க. கொச்சி நமக்கு ரயில்ல ஒரு காலை நேரம்தான். யானகி விவசாயி கிண்ணத்துல பாத்ததை, மோரி ஸ்டேஷன் ஊழியர் கட்டின பிளாஸ்டிக் பாட்டில்ல பாக்கறாங்கன்னு எனக்குத் தோணுச்சு. மழைக் காலத்துல நம்ம ஓட்டு வீட்டுல எந்தப் பாத்திரம் எங்க வெக்கணும்னு அம்மாயிக்குத் தெரியும். அது மாதிரி.

திரும்பி வந்தேன். மொத வேலையா பவானி போனேன். பீரோவைச் சுத்தின துண்டு மாமா குடியிருந்த வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருந்துச்சு. ஃப்ரிட்ஜ் துண்டு மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்சிருச்சு. கிரைண்டர் துண்டைக் காணோம்.

"ஏனுங்க அம்மாயி, அன்னிக்கு வெட்டறப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீ படிச்ச புள்ள கண்ணு. வேண்டாம்னுதான வெட்டுறேன்னு இருந்துட்டேன்"னாங்க.

அப்புறம் அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. அது அவங்க கல்யாணத்துக்கு வாங்கினது. அகலமான ஜமக்காளம்ங்கறதால ஒரே குழித்தறியில ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து நெய்யணும். இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு நாடா போகணும். நெஞ்சது அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அடுத்த தெருதான். அம்மாயி சின்னப் பொண்ணா அந்தத் தறி முன்னாடி உக்காந்து வேடிக்கை பாத்திருக்காங்க.

"அவங்க பேரென்னங்க அம்மாயி?"

"பெரியவரு பேரு… நாக்குல நிக்குது கண்ணு, வர மாட்டீங்குது."

அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் யோசிச்சாங்க. வரல.

இங்கதான் எனக்கு யானகியோட சண்டை. பேர் தெரியாத கை செஞ்சதுதான் அழகுன்னு அவர் சொன்னது, எல்லாரும் கையெழுத்தைத் துரத்திட்டு இருந்த காலத்துல நல்ல கேள்வி. ஆனா அவர்கூட இருந்த ஹமாதா ஷோஜி உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர். "வாழும் தேசியப் பொக்கிஷம்"னு ஜப்பான் அரசு 1955-ல முதல் முதலா கௌரவிச்ச கலைஞர்கள்ல அவரும் ஒருத்தர். ஒரு பக்கம் பேர் வேண்டாம்ங்கற தத்துவம், இன்னொரு பக்கம் பேர் சொல்லிக் கௌரவிக்கற சட்டம். ரெண்டும் ஒரே நாட்டுல. நான் ரெண்டாவது கட்சி. ஏன்னா உயிரோட இருக்கற நெசவாளிக்குப் பேர் இல்லாம இருக்கறதுல ஒரு அழகும் இல்ல. பேர் இல்லைன்னா கூலி பேச முடியாது.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு. கைத்தறியில மட்டும்தான் நெய்யணும்னு 1985 சட்டத்துல ஒதுக்கின பொருள்கள்ல ஜமக்காளமும் ஒண்ணு. சட்டம் இருந்தும் விசைத்தறி நகல் கடைக்கு வருது, நாமளும் விலை கம்மின்னு வாங்கறோம். 19-ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்து மில் துணியோட போட்டி போட முடியாம, பவானி நெசவாளர்கள் கெட்டி நூல்ல புதுசா நெய்ய ஆரம்பிச்சதுதான் இந்த ஜமக்காளம்னு சொல்வாங்க. மிஷினுக்கு எதிரா பொறந்த துணி திரும்பவும் மிஷின்கிட்டயே மாட்டியிருக்கு. ஊர்ப் பேர் துணியில ஒட்டியிருக்கு, சாந்தோம் பேர் ஒட்டின மாதிரியே. நெஞ்சவங்க பேர் அப்பவும் ஒட்டல, இப்பவும் ஒட்டல.

நான் என்ன பண்ணினேன்னா, அறுபது ரூபாய்க்கு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். மிஞ்சின துண்டோட ஓரத்துல இருந்து ரெண்டு விரல் அகலம் எடுத்து மொதப் பக்கத்துல ஒட்டினேன். கீழ எழுதினேன்: பவானி. கல்யாண ஜமக்காளம். குழித்தறி. அண்ணன் தம்பி ரெண்டு பேர் நெஞ்சது. பேர்னு எழுதி ஒரு கோடு போட்டு விட்டிருக்கேன். அம்மாயிக்கு ஞாபகம் வந்தா ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்தத் தெருவுல விசாரிக்கறதா மாமாவும் சொல்லியிருக்காரு. மீதி ஜமக்காளத்தைத் துவைச்சு, நிழல்ல உலத்தி, சின்ன ஜமக்காளத்தோட சேத்து மடிச்சு வெச்சாச்சு. மியூசியத்துல துணியை ரொம்ப நாள் வெளிய வெக்க மாட்டாங்க, வெளிச்சத்துல வெளுத்துரும், மாத்தி மாத்திதான் வெப்பாங்க. அங்க கத்துக்கிட்டதுல உடனே உதவினது அதுதான்.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க பரண் மேல ஒரு தடவை ஏறிப் பாருங்க. ஜமக்காளம், நெகமம் சேலை, சென்னிமலைப் போர்வை, எது கெடைச்சாலும் சரி. வீட்டுல பெரியவங்க இருக்கறப்பவே யார்கிட்ட வாங்கினது, யார் நெஞ்சதுன்னு கேட்டு ஒரு வரி எழுதி வெச்சுக்கங்க. எங்க அம்மாயிகிட்ட நான் ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா அந்தப் பேர் வந்திருக்குமோ என்னமோ.

அடுத்த எபிசோடுக்குள்ள அந்தப் பேர் கெடைச்சிருச்சுன்னா, மொத வரியே அதுதான். பாக்கலாமுங்க.